முனகலுக்கு ஒரு சலவைக் கடை

"ஆ" என்று வாயிலிருந்து கிளம்பிவிட்டது. கிளம்பியதைத் திரும்ப உள்ளே தள்ள வழியில்லை. மேஜைக்கு எதிர்ப்பக்கம் எழுதிக்கொண்டிருந்த மனைவியின் பேனா நின்றது.

"என்னங்க?"

"ஆ... ஆறு பேரா, ஏழு பேரா, உன் டீம்ல வர்றது?" என்று கேட்டார் புகார் சார்.

"எட்டுப் பேர். நேத்துதான் சொன்னேன்."

"சரியாத்தான் ஞாபகம் வெச்சிருக்கேனான்னு பார்த்தேன்."

அவள் அவர் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள். புகார் சார் மூக்கால் பெருமூச்சு விடப் போய், மூக்கு விடுப்பில் இருப்பது நினைவுக்கு வந்து, வாயால் விட்டார்.

அவருக்கு சைனஸ் அறுவை சிகிச்சை நடந்து ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. கன்னத்துக்கும் நெற்றிக்கும் உள்ளே வருஷக்கணக்காக அடைத்துக் கிடந்த காற்றறைகளை டாக்டர் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டிருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் திறந்திருந்தன. ஆனால் புருவத்துக்கு மேலே யாரோ உட்கார்ந்து உளி பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மேல் வரிசைப் பற்கள் ஒரு பாவமும் அறியாமல் வலித்தன. கண்ணுக்குப் பின்னால் ஒரு கனம் தொங்கியது. தலையைத் திருப்பினால் அதுவும் கூடவே, அரை நொடி தாமதமாக, திரும்பியது.

வலி இருக்கத்தான் செய்யும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வீட்டை இடித்துக் கட்டினால் கொஞ்ச நாளைக்குச் சத்தம் இருக்காதா என்று கேட்டிருந்தார். மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். முனகக் கூடாது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அது புகார் சார் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

அந்தச் சட்டத்தின் அருமை தெரிய வேண்டுமென்றால் அந்த மனிதரைத் தெரிந்திருக்க வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் அவர் காதில்தான் வந்து ஒழுகும். நாள் முழுக்க மற்றவர்கள் புகாரைக் கேட்டுவிட்டு, தன் புகார்களை வீட்டுக்கு எடுத்து வருவார். கொசு கடித்தால் எந்த விரல், எந்தப் பக்கம் என்ற விவரத்தோடு சொல்வார். அவருக்குத் தலைவலி என்றால் எதிர்வீட்டுக்காரர் வந்து எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். அப்பேர்ப்பட்டவர் பல்லைக் கடித்துக்கொண்டு, அதுவும் வலிக்கிற பல்லைக் கடித்துக்கொண்டு, வாயை மூடி உட்கார்ந்திருந்தார் என்றால் அது சாதாரண விஷயமில்லை.

காரணம் அவர் மனைவி. நீச்சல் பயிற்சியாளர். தெருவில் எல்லோருக்கும் கோச்சம்மா. தண்ணீரைக் கண்டாலே அழுத எட்டுப் பெண் குழந்தைகளைப் பிடித்து, மிதக்க வைத்து, நீந்த வைத்து, இப்போது வெளியூரில் நடக்கும் பெரிய போட்டிவரை கொண்டு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் பஸ். ஆனால் நீச்சல் சங்கத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தாள். வீட்டுக்காரருக்கு வலி இருந்தால் நான் வர மாட்டேன், உதவிக் கோச் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று.

உதவிக் கோச் தங்கமான பிள்ளை. ஆனால் பந்தயம் ஆரம்பித்தால் அவனே கண்ணை மூடிக்கொள்வான். அந்தக் குழந்தைகள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கும்போது கரையில் கோச்சம்மாவின் முகம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் எட்டுப் பேருக்கும் கை கால் ஓடாது. இது புகார் சாருக்கு நன்றாகவே தெரியும். தன் மூக்கால் அந்தப் பயணம் கெடக் கூடாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

கோச்சம்மா சும்மா விடுகிற ஆளில்லை. வழக்கமான மாத்திரைகளோடு, தாங்க முடியாவிட்டால் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டர் தனியாக ஓர் அட்டை கொடுத்திருந்தார். அதை அவள் சாப்பாட்டு மேஜைக்கு நடுவில், கடிகாரத்தின்மேல் சாய்த்து நிறுத்தி வைத்தாள்.

"இதுல ஒண்ணு குறைஞ்சாலும் நான் போகல. வலிச்சா மறைக்காம சொல்லணும்."

"வலிச்சாத்தானே சொல்றதுக்கு?" என்று சிரித்தார் அவர். சிரித்ததில் கன்னம் வலித்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே டாக்டரிடம் இதே அறுவை சிகிச்சை கோச்சம்மாவுக்கும் நடந்திருந்தது. குளத்துத் தண்ணீரிலேயே கிடப்பவளுக்கு சைனஸ் வந்ததில் ஆச்சரியமில்லை. அவள் அதைத் தாங்கிய விதம்தான் ஆச்சரியம். அந்தக் கதையைப் புகார் சார் சொல்லாத இடமில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரருக்கு மனப்பாடம். தண்ணீர் வரவில்லை என்று புகார் கொடுக்க வந்த ஒரு பெரியவர்கூட முழுதாகக் கேட்டு, தான் வந்த வேலையை மறந்து போயிருக்கிறார்.

"ஒரு உஸ் கிடையாது சார், ஒரு உச் கிடையாது. எனக்கு அப்போ பதவி உயர்வுப் பரீட்சை. நான் பாட்டுக்குப் படிச்சுக்கிட்டிருக்கேன். இவ மூக்குல பஞ்சோட சமையல் பண்றா, வீட்டைத் துடைக்கிறா, திரைச்சீலையைக் கழட்டித் துவைக்கப் போட்டு மாட்டுறா. வீடு அப்படி இருந்ததே இல்ல சார், பளபளன்னு. பரீட்சையில நான் பாஸ். அவ திரும்பக் குளத்துக்குப் போயாச்சு. ஆபரேஷன் எனக்கா அவளுக்கான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

இப்படி ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிட்டு, அதே வலிக்குத் தான் ஊளையிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பது?

ஆனால் முனகல் என்பது அடக்க அடக்க ஊறுகிற சமாச்சாரம். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் அவருக்குத் தொண்டைவரை நிறைந்துவிட்டது. எங்காவது போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். கோச்சம்மாவோ அவரைப் பார்த்துக்கொள்வதற்காக லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். காதும் சாதாரணக் காதில்லை. நீச்சல் குளத்தின் மறுகோடியில் ஒரு குழந்தை மூச்சை ஒழுங்காக விடவில்லை என்பதை இந்தக் கோடியில் நின்று கேட்கிற காது.

முதலில் தலையணையில் முகம் புதைத்து முனகப் பார்த்தார். மூக்கு தலையணையில் இடித்தது. முனக வந்தவர் அலற வேண்டியதாயிற்று. பாட்டுப் பாடினேன் என்றார்.

அடுத்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஆரம்பித்தார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, கதவு தட்டப்பட்டது. "குடிநீர் ஆபீஸ்காரர் வீட்டுலயே தண்ணி வீணாப் போகுது. யார்கிட்டப் புகார் குடுக்கிறது?" என்றாள் அவள். குழாய் நின்றது. முனகலும் நின்றது.

பிறகு வானொலியைச் சத்தமாக வைத்தார். உளிக்காரர் அதற்கேற்பத் தாளம் போட ஆரம்பித்ததால் தானே அணைத்துவிட்டார்.

விடிவுகாலம் சாயங்காலம் வந்தது. மெல்ல நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், இரண்டு சட்டைகளை எடுத்துக்கொண்டு அவர்கள் குடியிருந்த கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த சலவைக் கடைக்கு இறங்கினார். கடைக்காரருக்கு நுரை அண்ணன் என்று பெயர். அதிகம் பேசாத மனிதர். என்ன துணி, எப்போது வேண்டும், இந்த இரண்டைத் தவிர அவர் யாரையும் எதுவும் கேட்டதில்லை. துணியில் எந்தக் கறை இருந்தாலும் அது எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது, பையில் என்ன இருந்தாலும் படித்துப் பார்க்காமல் கொடுத்துவிட வேண்டும், ஒரு வீட்டுத் துணியைப் பற்றி இன்னொரு வீட்டில் வாய் திறக்கக் கூடாது. அது அவருடைய தொழில் தர்மம்.

புகார் சார் சட்டைகளை நீட்டிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் இருந்த பெரிய இயந்திரம் துணி பிழியும் கட்டத்துக்கு வந்தது. கடையே அதிர்ந்தது. அலமாரிகள் ஆடின. புகார் சார் வாய் திறந்து ஏதோ கேட்டார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவர் மனதுக்குள் விளக்கு எரிந்தது.

இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு மூலை இருந்தது. அங்கே, சோப்புத்தூள் மூட்டைகளுக்கு நடுவில், அந்த இடத்துக்குச் சற்றும் பொருந்தாத நல்ல நாற்காலி ஒன்று. கை வைத்தது, மெத்தை தைத்தது. மத்தியானத்தில் அண்ணன் கண் அசருகிற இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் உட்காரலாமா என்று சைகையில் கேட்டார். நுரை அண்ணன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். திங்கட்கிழமை முழுவதும் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் அவிழ்த்து விட்டார். "ஐயோ" என்றார், "அம்மா" என்றார், டாக்டரின் பரம்பரையைப் பற்றிக்கூட ஓரிரு வார்த்தைகள் சொன்னார். இயந்திரம் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது. பிழிந்து முடித்து அது அடங்கியபோது அவரும் அடங்கியிருந்தார். வலி குறையவில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி இருந்தது. புகார்ப் பிரிவில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவருக்கு அந்த நிம்மதியின் மதிப்பு தெரியும். ஒழுகுகிற குழாயை யாரும் வந்து அடைக்காவிட்டாலும், சொல்லிவிட்டுப் போகிறவர்கள் முகம் கொஞ்சம் தெளிந்துதான் போகும்.

மறுநாளிலிருந்து அவருக்கு அழுக்குத் துணிமேல் அடங்காத ஆசை வந்துவிட்டது. காலையில் சட்டைகள் போயின. பத்து மணி வாக்கில் துண்டுகள். மத்தியானம் தலையணை உறைகள். அழுக்குத் தீர்ந்ததும் அலமாரியில் மடித்து வைத்திருந்ததை எடுத்தார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டுக்கும் அன்றைக்கு விமோசனம் கிடைத்தது.

இதில் ஒரு சிக்கல். கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னது சும்மா இல்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் குனிந்து, தூக்கி, படியிறங்கும்போது மண்டைக்குள் ரத்தம் ஏறி உளிக்காரர் ஒருவர் இருவரானார். வலி கூடினால் முனகல் கூடும். முனகல் கூடினால் இன்னொரு மூட்டை வேண்டும். இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்தாலும் நெற்றி வலித்தது.

மேஜையில் இருந்த அட்டையைத் தொடக் கூடாதென்பதால், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் அதே மாத்திரையில் இரண்டு மட்டும் தனியாக வாங்கினார். ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கீழே இறங்கியபோது நுரை அண்ணன் யாருடனோ கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் வந்து ஒவ்வொரு பையாகத் தடவிப் பார்த்து, பிறகு துணியைப் போட்டு, பிறகு பிழிய ஆரம்பிப்பதுவரை காத்திருக்க முனகலுக்குப் பொறுமையில்லை. போட்டிருந்த சட்டையையும் கழற்றி உள்ளே எறிந்துவிட்டு, பனியனோடு நின்று தானே பொத்தானை அழுத்தினார்.

துணி வெளியே வந்தபோது சட்டைப் பையில் வெள்ளையாக ஒரு பசை ஒட்டியிருந்தது. அன்றைக்கு அந்தச் சட்டைக்கு மட்டும் உடம்பில் எங்கேயும் வலி இருந்திருக்காது. ஒரே சீட்டுக்கு இரண்டாவது தடவை கொடுக்க மருந்துக் கடைக்காரர் மறுத்துவிட்டார்.

புதன்கிழமை டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஒரு மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டு, காய்ந்து கிடந்ததையெல்லாம் உறிஞ்சி எடுத்தார். புகார் சார் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூரையில் ஓடிய மின்விசிறியைக் காதலியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோச்சம்மா நின்றாள்.

"தலைவலி எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"இல்லையே."

"கன்னத்துல? பல்லுல?"

"ஒண்ணுமில்ல டாக்டர். பூ மாதிரி இருக்கு."

டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். புருவத்துக்கு நடுவில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். புகார் சாரின் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. கூச்சமாக இருக்கிறது என்றார். டாக்டர் முகம் மாறியது. இத்தனை பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொஞ்சமாவது வலித்தால்தான் தனக்குத் தூக்கம் வரும், வலியே இல்லை என்றால் ஏதாவது நரம்பு மரத்துப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும் என்றார். கோச்சம்மா உடனே கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். சங்கத்துக்குச் சொல்லிவிடுகிறேன், நான் போகவில்லை என்றாள்.

"இரு இரு. வலி இருக்கு" என்றார் புகார் சார்.

"இருக்கா?"

"இருக்குன்னா... இருக்க வேண்டிய அளவுக்கு இருக்கு. டாக்டருக்குத் தூக்கம் வர்ற அளவுக்கு இருக்கு. நீ போகாம நிக்கிற அளவுக்கு இல்ல."

டாக்டர் ஒருமுறை கணவனைப் பார்த்தார், ஒருமுறை மனைவியைப் பார்த்தார். எல்லாம் நன்றாக ஆறி வருகிறது, இந்தத் தலைவலி போகப் போகக் குறைந்துவிடும் என்று மட்டும் சொல்லி அனுப்பி வைத்தார். ஆனால் கோச்சம்மாவின் மனதில் சந்தேகம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் அடுக்கியிருந்த துணியை வெளியே எடுத்து வைத்தாள். சங்கத்திலிருந்து போன் வந்தது. சாயங்காலம் சொல்கிறேன் என்றாள்.

புகார் சார் பெட்டியையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் அழுத்திய இடம் வேறு தனியாக வலித்தது. உடனே கீழே போயாக வேண்டும். ஆனால் வீட்டில் துவைக்க ஒரு கைக்குட்டை மிச்சமில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். ஜன்னலில் திரைச்சீலை தொங்கியது. நாற்காலிமேல் ஏறிக் கழற்றினார்.

"அது எதுக்குங்க?"

"துவைக்க. அழுக்கா இருக்கு."

"எங்க அழுக்கு?"

"வெளியே தெரியாத அழுக்கு."

"கனம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"திரைச்சீலை கனமா? காத்துல ஆடுறதைப் பார்த்ததில்லையா நீ?"

கோச்சம்மா அவர் கையிலிருந்த திரைச்சீலையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். வெறும் ஜன்னலைப் பார்த்தாள்.

"சரி, போயிட்டு வாங்க. அவசரமில்ல. நிதானமா வாங்க" என்றாள்.

அன்றைக்கு அவர் இரண்டு முறை பிழிய வைத்து முனகினார். திரும்பி மேலே ஏறி வந்தபோது வாசலிலேயே அவள் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தாள். "நான்தான் வர்றேன். வீட்டுல பிரச்சினை இல்ல. அவர் சமாளிச்சுப்பார்" என்றாள்.

புகார் சாருக்கு உளிக்காரர்கள் இருவரையும் கட்டித் தழுவிக்கொள்ளலாம் போல இருந்தது. தன் நடிப்பு பலித்துவிட்டது. அந்தத் திரைச்சீலை விஷயத்தை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னோம் என்று நினைத்து நினைத்துப் பூரித்துப் போனார்.

அந்தப் பூரிப்புதான் வியாழக்கிழமை அவரைக் கவிழ்த்தது.

குழந்தைகள் எட்டுப் பேருக்கும் புத்தம் புதிதாக வெள்ளைச் சட்டைகள் தைத்து வந்திருந்தன. கஞ்சி மொடமொடப்பாக இருக்கிறது, ஒருமுறை அலசினால் மேலுக்கு இதமாக இருக்கும் என்று புகார் சார் தானாக முன்வந்தார். அவற்றை அவருடைய சிவப்புப் படுக்கை விரிப்பில் வைத்து மூட்டையாகக் கட்டினார். கடையில் நுரை அண்ணன் ஒரு வீட்டுக்குத் துணி கொடுக்கப் போயிருந்தார். தொழில் பழகிவிட்ட தைரியத்தில் புகார் சார் மூட்டையை அவிழ்க்காமல், குனிய வேண்டாமே என்று அப்படியே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி, மனம் குளிர முனக ஆரம்பித்தார்.

கண்ணைத் திறந்தபோது இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால் எட்டுச் சட்டைகளும் இளஞ்சிவப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

நுரை அண்ணன் வந்து பார்த்தார். எப்படி ஆனது என்று கேட்கவில்லை. இரண்டு சட்டையை எடுத்து வெளுக்கும் மருந்தில் முக்கினார். அவை மேகமும் வானமுமாகத் திட்டுத் திட்டாக வெளியே வந்தன. புகார் சார் தலையில் கை வைக்கப் போய், வைத்தால் வலிக்கும் என்று கையை இறக்கிக்கொண்டார். கடைசியில் அண்ணன் எட்டுச் சட்டையையும் அதே சிவப்பு விரிப்போடு சேர்த்துச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டு, எல்லாம் ஒரே நிறத்துக்கு வரும்வரை விடாமல் அலசினார். வெள்ளை போனது போனதுதான். ஆனால் சட்டைக்குச் சட்டை வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதைப் பார்த்தபோது புகார் சாருக்கு அந்த மனிதரின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மேலே கொண்டு போனார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றார். கோச்சம்மா ஒரு சட்டையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"எட்டும் இதே மாதிரியா?"

"எட்டும்."

"அப்போ சரி. தண்ணியில குதிக்கும்போது கழட்டிட்டுத்தானே குதிக்கப் போறாங்க" என்று மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

இப்படி ஒரு பெண்பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறாள் என்று புகார் சார் கேட்கிறார். கதை சொல்கிற நமக்கும் பதில் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தெருமுனையில் பஸ் நின்றது. எட்டுக் குழந்தைகளும் இளஞ்சிவப்புச் சட்டையில் ஜன்னலுக்கு ஜன்னல் எட்டிப் பார்த்தன. அந்த நிறத்தில் அவர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மாத்திரை அட்டை ஒன்றும் குறையாமல் மேஜையில் நின்றதைக் கோச்சம்மா கிளம்பும்போது பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். இன்னும் ஒரே ஒரு நிமிஷம். அவள் படியேறி உட்கார்ந்து, பஸ் கிளம்பிவிட்டால் தீர்ந்தது.

அப்போது பார்த்து அவருக்குத் தும்மல் வந்தது.

அடக்கக் கூடாது. வாயைத் திறந்து தும்ம வேண்டும். திறந்தார். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு தும்மல் வெடித்தது. கூடவே நெற்றிக்குள் ஏதோ பெயர்ந்து விழுந்தது. கண்ணில் மின்னல் வெட்டியது. இரண்டு கன்னத்திலும் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. மூச்சுத் திணறிக்கொண்டு நின்றார்.

படியில் வைத்த காலைக் கோச்சம்மா கீழே இறக்கினாள்.

"ஏங்க, என்னாச்சு? ஏன் அழறீங்க?"

புகார் சார் வாயில் வந்ததைச் சொன்னார்.

"பிரிவு. பிரிவு தாங்கல."

பஸ் முழுக்க "ஓ" என்று ஒரு சத்தம் எழுந்தது. ஓட்டுநர்கூடத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. கோச்சம்மாவின் முகம் குழந்தைகளின் சட்டை நிறத்துக்கு வந்தது. அவள் கிட்டே வந்து, தன் கைக்குட்டையால் அவர் கன்னத்தைத் துடைத்தாள். மூக்குப் பக்கம் கை படாமல், எந்த இடத்தில் தொட்டால் வலிக்காது என்று தெரிந்த விரல்களால் துடைத்தாள்.

"போறேன். வேளைக்குச் சாப்பிடுங்க. மூக்கைக் கழுவ மறந்துடாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "திரைச்சீலையை மறுபடி எடுத்துட்டுப் போகாதீங்க. அது ரொம்ப அடி தாங்காது, இழை விட்டுடும். போர்வைன்னா தாங்கும்" என்றாள்.

இந்த நேரத்திலும் வீட்டுத் துணிமேல் என்ன அக்கறை என்று அவர் வியந்துகொண்டிருக்கும்போதே அவள் ஏறிவிட்டாள். விசில் ஊதினாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

புகார் சார் நேராகச் சலவைக் கடைக்குப் போனார். கையில் மூட்டையில்லை. வீட்டில் இனி யாரும் இல்லை, மனம்போல அங்கேயே முனகலாம் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. நுரை அண்ணன் ஒன்றும் கேட்காமல் வெறும் இயந்திரத்தை ஓட விட்டார். புகார் சார் அந்த நாற்காலியில் விழுந்து, வெள்ளிக்கிழமைக்காகச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினார். இயந்திரம் நின்றது. அவர் நிற்கவில்லை. முனகல் முடிந்து இப்போது உண்மையிலேயே அழுகை வந்திருந்தது.

"அண்ணே, ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். ஆனா யோசிச்சா வெக்கமா இருக்கு. இதே வலி அவளுக்கும் வந்துச்சு. நான் பக்கத்து ரூம்ல படிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டதில்ல. நான் ஒரு வாரம் தாங்க முடியாம, துவைச்ச துணியையே துவைச்சு, இங்க வந்து ஒளிஞ்சு கத்திட்டுப் போறேன். அவ பக்கத்துல நிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு, சொல்லுங்க?"

நுரை அண்ணன் கையிலிருந்த துணியை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வீட்டுத் துணியைப் பற்றி வாய் திறந்து அவருக்குப் பழக்கமில்லை. வாசலைப் பார்த்தார், யாரும் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த நாற்காலியை நான் வாங்கிப் போட்டதே உங்க பரீட்சை சமயத்துலதான் சார். அம்மா தினமும் திரைச்சீலையைக் கொண்டாந்து குடுத்துட்டு, மெஷினைப் பிடிச்சு நின்னுக்கிட்டே அழுதாங்க, என்னால பார்க்க முடியல."